பத்துவிரலார் பட்டறை

பட்டறையில் ஒரு சிட்டிகை மரத்தூள்கூட இல்லை. அதுதான் பிரச்சினை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பத்துவிரலார் தன் கார் ஷெட்டின் நடுவே நின்று தரையைக் குனிந்து பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது. எட்டு மாதமாக மரம் அறுக்கிறவர் என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவரின் பட்டறைத் தரையில் முகம் தெரிந்தால் அது நன்றாகவா இருக்கும்? பதினொரு மணிக்குச் சம்பந்தி வருகிறார். கையில் ஒரு பலகையோடு வருகிறார்.

பத்துவிரலார் என்பது தெரு வைத்த பெயர். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விபத்துப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, விரல் போனவர்களின் கோப்புகளையே படித்துப் படித்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் முதலில் கண் அவர்கள் கைக்குத்தான் போகும். எண்ணி முடித்துவிட்டுத்தான் சௌக்கியமா என்று கேட்பார். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையை நெடுநேரம் விடாமல் பிடித்திருந்ததைப் பார்த்து எத்தனையோ பேர் கண் கலங்கினார்கள். எண்ணிக்கொண்டிருந்தார் என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

அந்த மகளுக்கு இருபத்தாறு வயது வரைக்கும் ஆப்பிளைக்கூட அவர்தான் வெட்டிக் கொடுத்தார். பென்சில் சீவியதும் அவர்தான்.

அப்படிப்பட்ட மனிதர் மின்ரம்பம் வாங்கியதற்கு ஒரே காரணம் சம்பந்தி வீடு.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அங்கே சாப்பிடப் போயிருந்தார்கள். சம்பந்தி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வீட்டைச் சுற்றிக் காட்டினார். ஸ்டூலைத் தட்டி, “இது நம்ம வீட்டுலயே செஞ்சது,” என்றார். செருப்பு அலமாரியைத் திறந்து மூடி, “இதுவும் நம்ம வீட்டுலயே செஞ்சது,” என்றார். புத்தக அடுக்குக்கும் அதே வசனம். பின்கட்டில் புதுசாக ஒரு மெஷின் நின்றது. நடுவில் வட்டப் பிளேடு தலையை நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு மேசை. மகள் சமையலறை வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

திரும்பி வரும்போது காரிலேயே பத்துவிரலார் ஆரம்பித்துவிட்டார்.

“பார்த்தியா, என் பொண்ணு எப்படிக் கூனிக் குறுகி நின்னான்னு? நம்ம அப்பாவுக்கு ஒரு ஆணி அடிக்கக்கூடத் தெரியலையேன்னு நினைச்சிருப்பா.”

“எனக்கென்னவோ அவ சிரிப்பை அடக்கிட்டு நின்ன மாதிரி இருந்துச்சு,” என்றார் மனைவி.

“அது வேதனையில வர்ற சிரிப்பு. உனக்குப் புரியாது.”

அடுத்த வாரமே மெஷின் வந்து இறங்கியது. கார் தெருவுக்குப் போய் வெயிலில் நின்றது. கூடவே வந்த சின்னப் புத்தகத்தை மூன்று தடவை படித்தார். பெரிய அட்டையில் இருபத்திரண்டு விதிகள் எழுதிச் சுவரில் மாட்டினார். மெஷினைச் சுற்றி ஆறடி தள்ளி வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டார், வேடிக்கை பார்ப்பவர்கள் தாண்டாமல் இருக்க. கண்ணாடி, காதடைப்பான், பலகையைத் தள்ள நீளக் குச்சி, முதலுதவிப் பெட்டி எல்லாம் வாங்கினார்.

பிளக்கைச் சொருகத்தான் முடியவில்லை.

சுவிட்ச் பக்கம் கை போனதும் பழைய கோப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. பாதுகாப்பு என்று நினைத்துக் கையுறை போட்டவரின் கோப்பு: பிளேடு கையுறையைப் பிடித்தது, கையுறை கையைப் பிடித்துக்கொண்டது. முழுக்கைச் சட்டைக்காரரின் கோப்பு. சுவிட்சை அணைத்தாயிற்றே என்று, பிளேடு நிற்பதற்குள் துண்டை எடுக்கக் கையை நீட்டியவரின் கோப்பு. ஒவ்வொருவருடைய கையெழுத்தும் அவருக்கு நினைவிருந்தது. இடது கையால் போட்ட கையெழுத்துகள்.

அதற்காகச் சும்மா இருக்க முடியுமா? தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை ஷெட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே வேக்குவம் கிளீனரை ஓட்டினார். சத்தம் தெருமுனை வரை கேட்டது. மனுஷன் என்னமாய் உழைக்கிறார் என்று தெருவே நம்பியது, வீட்டில் அதே கம்பெனி வேக்குவம் கிளீனர் வைத்திருக்கும் ஓரிருவரைத் தவிர. கடையில் ஒரு ஸ்டூல் வாங்கி, ஸ்டிக்கரைச் சுரண்டி, படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார். “சூப்பர்ப்பா. விரல் எல்லாம் பத்திரமா?” என்று பதில் வந்தது. அன்று அவர் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் சனிக்கிழமை போன் வந்தது. சம்பந்தி வீட்டு மெஷின் பழுதாகி மெக்கானிக்கிடம் கிடக்கிறதாம்.

“அப்பா, நாளைக்கு உங்க மெஷின் கொஞ்சம் வேணும். ஒரு பலகை, ஒரே ஒரு வெட்டுதான்,” என்றாள் மகள்.

“மெஷின் எதுக்கும்மா உங்களுக்கு? பலகையைக் கொண்டுவாங்க. நானே அறுத்துத் தர்றேன்.”



“நீங்களாப்பா?”

அந்த ‘நீங்களா’ அவர் நெஞ்சில் தைத்தது. நான்தான், வேறு யார், உன் மாமனாரையும் மாமியாரையும்கூட அழைத்துக்கொண்டு வா, பார்க்கட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதனால்தான் இந்தக் காலைவேளையில் மரத்தூள் கவலை.

எட்டு மணிக்கு மரக்கடைக்குப் போனார். தூள் வேண்டும் என்று இதுவரை யாரும் வாசலேறிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைக்காரர் மனம் குளிர்ந்து ஒரு முழுச் சாக்கை ரொப்பிக் கொடுத்து, மேலே நாலு கைப்பிடி துண்டுக்கட்டைகளையும் போட்டார். அதைக் கொண்டுவந்து ஷெட்டில் கொட்டிப் பரப்பியதும் கணுக்கால் வரை வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார். “கோழி வளர்க்கப் போறீங்களா?”

அப்போதுதான் சுவரைப் பார்த்தார். அவர் கையெழுத்திலேயே, சிவப்பு மையில், விதி மூன்று: தரையில் மரத்தூள் சேரவிடாதே, வழுக்கும். உடனே எல்லாவற்றையும் மூலைக்குப் பெருக்கித் தள்ளினார். மூலையில் இடுப்புயரக் குவியல் எழுந்தது. கட்டப்போகும் வீட்டுக்கு வந்து இறங்கிய மணல் மாதிரி இருந்தது. பாதியைத் திரும்பச் சாக்கில் அள்ளினார். மீதியைப் பார்த்தால், வேலை செய்த இடத்தில் சேர்ந்த தூளாகத் தெரியவில்லை, கொண்டுவந்து கொட்டிய தூளாகவே தெரிந்தது. உண்மையான பட்டறையில் அலமாரி மேலே, ஜன்னல் கம்பியில் எல்லாம் மெல்லிசாகப் படிந்திருக்குமே?

மேசை மின்விசிறியைக் கொண்டுவந்து குவியலுக்கு நேரே வைத்து வேகத்தை மூன்றில் திருப்பினார்.

மரத்தூள் படிந்தது. அலமாரி மேலும் ஜன்னல் கம்பியிலும் படிந்தது. ஜன்னல் வழியே போய்ப் பக்கத்து வீட்டு டீச்சர் அப்போதுதான் பிழிந்து உலர்த்தியிருந்த ஒரு வாரத் துணிகளிலும் படிந்தது. பத்துவிரலாரின் கண், மூக்கு, வாய் எதையும் விடவில்லை. டீச்சர் மதில் மேலாக என்ன பேசினார் என்பதை இங்கே எழுதுவதற்கில்லை. அவர் பேசிய ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பத்துவிரலார் ஒரு தும்மல் போட்டார். அதை டீச்சர் தப்பாக எடுத்துக்கொண்டார்.

பத்தேகாலுக்கே, முக்கால் மணி நேரம் முன்னதாக, சம்பந்தி வீட்டார் வந்துவிட்டார்கள்.

சிவந்து வீங்கிய கண்ணோடு வாசலுக்கு வந்தவரைப் பார்த்து மகள் பதறினாள். ராத்திரியெல்லாம் வேலை என்று அவர் சமாளித்தார். சம்பந்தியின் விரல்களை ஓரக்கண்ணால் எண்ணினார். பத்தும் இருந்தன. தேர்ந்த கைதான் என்று உள்ளுக்குள் பொறாமைப்பட்டார்.

ஷெட்டுக்குள் நுழைந்த சம்பந்தி சுவரில் இருந்த இருபத்திரண்டு விதிகளையும், பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி, ஒன்றுவிடாமல் படித்தார். சம்பந்தி அம்மா ஒரு நாற்காலியைத் தட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மூட்டுவலி. அதிகம் பேசாதவர். மகள் நேரே மெஷினிடம் போய்க் குனிந்து பிளேடைப் பார்த்தாள்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லும்மா,” என்றார் பத்துவிரலார்.

“அப்பா, வேணா நானே...”

“அந்தப் பக்கம்.”

“அப்பா சொல்றதைக் கேளும்மா,” என்று சம்பந்தியும் சேர்ந்துகொண்டார். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பின்னால் போய் நின்றாள்.

சம்பந்தி ஒரு துண்டுக்கட்டையை எடுத்துப் புரட்டினார். அதன் முனையில் மரக்கடைக்காரர் சிவப்புப் பெயின்டில் எண் போட்டிருந்தார்.

“இது என்ன, நாலாயிரத்து முப்பத்தாறு?”

பத்துவிரலார் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. “நான் அறுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் நம்பர் போட்டுடுவேன். ஆபீஸ் பழக்கம்.”

சம்பந்தியின் உதடு அசைந்தது. எட்டு மாதம், இருநூற்று நாற்பது நாள். கணக்கு வாத்தியார் அல்லவா?

“ஒரு நாளைக்குப் பதினேழு துண்டு,” என்றார் மெல்லிய குரலில். கட்டையைக் குழந்தையைப் படுக்க வைப்பது போலக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் குரலில் ஒரு பணிவு வந்துவிட்டது.

அந்தப் பணிவுதான் பத்துவிரலாருக்கு வழி காட்டியது. விருந்தாளிக்கு முதல் மரியாதை கொடுத்துத் தப்பித்துவிடலாமே?

“சம்பந்தி, நீங்க வந்திருக்கும்போது நான் அறுத்தா நல்லா இருக்காது. நீங்களே அறுங்க.”

“சேச்சே. உங்க பட்டறை. உங்க கை.”

“பலகை உங்களது.”

“மெஷின் உங்களது. நாலாயிரம் வெட்டு வெட்டின கை முன்னால நான் போய் நிக்கிறதா?”

“நீங்க எனக்கு முந்தியே ஆரம்பிச்சவர்.”

இப்படியே பத்து நிமிஷம் போனது. பந்தியில் கடைசி இனிப்பை ஒருவர் இலையில் ஒருவர் தள்ளுவது போல அந்த ஒரு வெட்டை இருவரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பத்துவிரலார் பலகையைத் தூக்கிச் சம்பந்தியின் கையிலேயே கொடுத்துவிட்டார். சம்பந்தி மறுக்க வழியில்லாமல் வாங்கிக்கொண்டார்.

தப்பித்தோம் என்று நினைத்த மனிதர் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முப்பத்தொரு வருஷப் பழக்கம் விடவில்லை. சம்பந்தியின் கையில் மோதிரம் மின்னுவதைப் பார்த்துவிட்டார்.

“மோதிரத்தைக் கழட்டிடுங்க. விதி ஒன்பது.”

“ஆமாமா, கழட்டணும், கழட்டணும்,” என்றார் சம்பந்தி. அவர் முகம் எப்படி மலர்ந்தது என்கிறீர்கள்.

மோதிரம் வரவில்லை. கல்யாணத்தன்று போட்டதாம், முப்பது வருஷமாகிறது. சோப்பு வந்தது. எண்ணெய் வந்தது. பத்துவிரலாரின் மனைவி நூலைச் சுற்றி ஒரு வழி பார்த்தார். இழுக்க இழுக்க விரல் சிவந்து, பிறகு ஊதி, வாழைப்பூ மாதிரி ஆயிற்று. ஐஸ்கட்டி வைத்தார்கள். அரைமணி நேரம் கழித்து மோதிரம் இருந்த இடத்திலேயே இருந்தது. விரல்தான் அடையாளம் தெரியாமல் போயிருந்தது.

சம்பந்தி அந்த விரலைப் பெருமையோடு உயர்த்திக் காட்டினார். “இந்தக் கையோட நான் மெஷின்கிட்ட போனா, உங்க விதிக்கெல்லாம் என்ன மரியாதை? நீங்களே அறுத்துடுங்க.”

அவர் பாதுகாப்பே அவரை மாட்டிவிட்டது.

இனி விதிகளைத்தான் நம்ப வேண்டும். ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். சட்டையை உள்ளே செருகினார். கைக்கடிகாரத்தைக் கழற்றினார். பலகையில் ஆணி இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவினார். சம்பந்தி பூதக்கண்ணாடி இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. அதை வைத்து இன்னொரு முறை தடவினார்கள். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது. அதை நீங்க போட்டுக்கங்க, இல்லை நீங்க என்று ஒரு சுற்று. காதடைப்பானைப் போட்டுக்கொண்டதும் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காமல், கழற்றிக் கேட்டுவிட்டு மாட்டி, மாட்டிவிட்டுப் பதில் சொல்லிக் கழற்றி, ஒரு சுற்று. பிளேடுக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது, பலகையைத் திருப்பி எறியும், பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்றார் பத்துவிரலார். எந்தப் பக்கவாட்டு என்று சம்பந்தி ஒரு விவாதத்தை எழுப்பினார்.

“அப்பா, பிளேடு ரொம்ப உயரத்துல நிக்குது,” என்றாள் மகள் கோட்டுக்குப் பின்னாலிருந்து. “பலகைக்கு மேல பல்லு லேசா தெரிஞ்சா போதும்.”

சுவரில் இருந்த விதியைப் படித்துச் சொல்கிறாள், படித்த பெண் என்று அவர் பெருமைப்பட்டார். பிளக்கைப் பிடுங்காமல் பிளேடைத் தொடக் கூடாதே என்று பிடுங்கப் போனார். அது சொருகப்படவே இல்லை. பிளேடை இறக்கினார். அப்புறம் சொருகினார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

இருபத்திரண்டு விதிகளும் தீர்ந்துவிட்டன. சுவரில் அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்பு.

சுவிட்சைப் போட்டார்.

மெஷின் அலறிய அலறலில் சம்பந்தி ஒரே எட்டில் வெள்ளைக் கோட்டைத் தாண்டிக் கதவருகே போய்விட்டார். பத்துவிரலார் உடனே அணைத்தார்.

“சத்தம் சரியில்ல,” என்றார்.

“நானும் அதான் நினைச்சேன். சரியே இல்ல,” என்றார் சம்பந்தி வாசற்படியிலிருந்து.

“சத்தம் சரியாத்தான் இருக்கு,” என்றாள் மகள்.

“உனக்கென்னம்மா தெரியும்?” என்று இரண்டு அப்பாக்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

பத்துவிரலார் மகள் முகத்தைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சமையலறை வாசலில் நின்ற அதே நிலை. மறுபடியும் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அவருக்கு என்னமோ செய்தது. ஆனது ஆகட்டும் என்று மறுபடி சுவிட்சைப் போட்டார். பலகையை மேசைமேல் வைத்தார். தள்ளும் குச்சியை எடுத்தார்.

குச்சியின் முனை பலகையில் டகடகவென்று தாளம் போட்டது. பலகை பிளேடுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. இந்தக் கையோடு இதைத் தள்ளுகிற எவனுடைய கோப்பாக இருந்தாலும், முதல் பக்கத்திலேயே ‘தவறு மனுதாரருடையது’ என்று எழுதியிருப்பார்.

சுவிட்சை அணைத்தார். பிளேடு முழுசாக நிற்கும் வரை காத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கினார். கண்ணாடியையும் காதடைப்பானையும் கழற்றி வைத்தார். அந்த ஐந்து காரியத்தையும் அவர் செய்த ஒழுங்கைப் பார்த்தால் பிறவித் தச்சன் என்றே தோன்றும்.

“சம்பந்தி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சம்பந்தி கதவருகிலிருந்து ஒரு அடி முன்னால் வந்தார்.

“நான் இதுவரைக்கும் ஒரு குச்சியைக்கூட அறுத்ததில்ல. அந்தத் தூள் மரக்கடைத் தூள். அந்த நம்பர் மரக்கடை நம்பர். நான் அனுப்பின ஸ்டூல் கடையில வாங்கினது. இந்த மெஷினைக் கண்டாலே எனக்குப் பயம்.”

மனைவி கையிலிருந்த ஐஸ் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தார்.

“என்னைப் பத்தி நீங்க என்ன வேணா நினைச்சுக்கங்க. உங்க அளவுக்குக் கைவேலை எனக்கு வராது. ஆனா, அப்பனுக்கு ஒண்ணும் தெரியலையேன்னு என் பொண்ணை மட்டும் உங்க வீட்டுல யாரும் குறைவாப் பார்த்துடாதீங்க.”

மகளின் கண் நிறைந்துவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு மாமனாரைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சம்பந்தியோ தன் வீங்கிய விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய மனிதர், இப்படிப்பட்ட வேளையில் பேசிப் புண்படுத்த மனமில்லாமல் நிற்கிறார் என்று பத்துவிரலார் கையெடுத்துக் கும்பிடப் போனார்.

நாற்காலியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி அம்மா எழுந்தார்.

“குறைவாப் பார்க்கிறதா? எங்க வீட்டுல ஸ்டூல்லேருந்து அலமாரி வரைக்கும் அத்தனையும் அறுத்தது உங்க பொண்ணுதானே சம்பந்தி, இவர் முடிஞ்சப்புறம் வந்து பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறதோட சரி.”